லினக்ஸ் மடிக்கணினி திறக்க நேரமாகிறதா? நெட்வொர்க்குக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

எஸ்எஸ்டி போட்ட ஒரு சாதாரண மடிக்கணினியில் உபுண்டுவோ மின்டோ ஃபெடோராவோ எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் லாகின் திரை வந்துவிட வேண்டும். உங்களுடையது ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று இழுக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு இழுக்கிறது என்றால், கணினி பழசாகிவிட்டது, ராம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே எங்கோ ஒரு டைம்அவுட் ஓடுகிறது. 60, 90, 120 வினாடி மாதிரி முழு எண்களாகத் தாமதம் வந்தால் அதற்கும் வன்பொருளுக்கும் அநேகமாகத் தொடர்பே இருக்காது. "இவ்வளவு நேரம் வரை காத்திரு" என்று யாரோ ஒரு அமைப்புக் கோப்பில் எழுதி வைத்த எண் அது.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினியை சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் பக்கம் குறைந்த விலைக்கு வாங்கி லினக்ஸ் போட்டுப் பார்க்கும் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. இணையத்தில் தேடினால் "வெயிட்-ஆன்லைன் சர்வீஸை நிறுத்திவிடு" என்ற ஒற்றை வரி மருந்துதான் எங்கும் கிடைக்கும் (நெட்வொர்க் வரும்வரை பூட்டைக் காக்க வைக்கும் சேவை அது). பல நேரம் அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்கச் சொன்னது யார் என்று பார்க்காமல் காத்திருப்பதை மட்டும் நிறுத்தினால், நாளைக்கு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி) கோப்புறை காலியாகத் தெரியும், பிரிண்டர் காணாமல் போகும், அப்போது காரணம் எது என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், நான் தனியாகச் சொல்லாதவரை எல்லாம் சிற்றெழுத்தில் அடியுங்கள். சூடோ என்று தொடங்குபவை நிர்வாகி உரிமையோடு ஓடுபவை. நீளமான பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம், பாதி அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் பெரும்பாலும் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

முதலில், லோகோவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

அடுத்த முறை கணினி திறக்கும்போது, லோகோ சுற்றும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரு தட்டு தட்டுங்கள். லோகோ விலகி வரிவரியாகச் செய்திகள் ஓடும். எங்கே நிற்கிறதோ அங்கே "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்" என்று தொடங்கும் ஒரு வரி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரங்கள் அங்குமிங்கும் ஓட, கடைசியில் எத்தனை வினாடி ஆயிற்று, அதிகபட்சம் எவ்வளவு என்ற கணக்கோடு தெரியும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் "வெயிட் ஃபார் நெட்வொர்க் டு பி கன்ஃபிகர்ட்" என்று இருந்தால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (பூட்டையும் சேவைகளையும் நடத்தும் சிஸ்டம்டியின் நெட்வொர்க் பிரிவு) காத்திருக்கிறது. "நெட்வொர்க் மேனேஜர் வெயிட் ஆன்லைன்" என்றால், டெஸ்க்டாப்பில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர். டெவ், டிஸ்க், யுயுஐடி என்று நீளமான எண் எழுத்துக் கோவை வந்தால் அது இல்லாத ஒரு வட்டைத் தேடுகிறது. நெட்வொர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

அப்புறம் உள்ளே நுழைந்து டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

சிஸ்டம்டி-அனலைஸ்

ஒரே வரியில் நேரத்தைப் பிரித்துக் காட்டும்: ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், யூசர்ஸ்பேஸ். பழைய பயாஸ் முறையில் நிறுவியிருந்தால் முதல் இரண்டும் வராது. லோடர் என்பது பெரும்பாலும் கிரப் மெனு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம். கெர்னல் எழுந்த பிறகு சேவைகள் தொடங்கும் நேரமான யூசர்ஸ்பேஸ்தான் நாம் தேடுவது, அந்த எண் பெரிதாக இருந்தால் நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஃபர்ம்வேர் (லினக்ஸுக்கு முன் பயாஸ் எடுக்கும் நேரம்) எண் பெரிதாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள், இதுவும் நெட்வொர்க் விஷயமாக இருக்கலாம். அலுவலகத்தில் இருந்து வந்த மடிக்கணினிகளில் பிஎக்ஸ்இ எனப்படும் நெட்வொர்க் பூட் சில சமயம் பட்டியலில் முதலில் இருக்கும். அலுவலகத்தின் ஐடி பிரிவு நூறு கணினிகளில் ஒரே நேரத்தில் விண்டோஸ் நிறுவ வசதியாக அப்படி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அந்தச் சேவையகம் இல்லை. ஆனால் கணினிக்கு அது தெரியாது, ஐபிவி4-இல் கொஞ்ச நேரம், ஐபிவி6-இல் கொஞ்ச நேரம் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எஸ்எஸ்டி பக்கம் திரும்பும். கறுப்புத் திரையில் "ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4" என்று வந்தால் இதுதான். லினக்ஸில் எதைத் தொட்டாலும் இது சரியாகாது. பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் எஸ்எஸ்டியை மேலே ஏற்றுங்கள், நெட்வொர்க் பூட்டை அணைத்துவிடுங்கள். முடிந்தது.

பிளேம் பட்டியலை நம்பி யாரையும் தூக்கிலிடாதீர்கள்

யூசர்ஸ்பேஸில் நேரம் போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அடிக்கும் கட்டளை சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம். எந்தச் சேவைக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கித் தரும். பார்க்க வசதியாகத்தான் இருக்கும், ஆனால் புதியவர்களைக் குழப்புவதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு சேவை உண்மையில் உழைத்த நேரத்தையும் அது இன்னொன்றுக்காகச் சும்மா நின்ற நேரத்தையும் இது பிரித்துச் சொல்லாது. கோப்பிக் கடை வரிசையில் கடைசியில் நிற்பவர்தான் அதிக நேரம் நின்றார், அதனால் தாமதத்துக்கு அவர்தான் காரணம் என்று சொல்வது போல. பிளைமவுத்-குவிட்-வெயிட் என்ற பெயர் பட்டியலில் உச்சியில் இருக்கும். லோகோ திரை எப்போது விலகும் என்று காத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. ஏபிடி-டெய்லி, எஃப்டபிள்யூஅப்டி போன்றவை பின்னணியில் ஓடுபவை. லாகின் திரை வந்த பிறகும்கூட ஓடிக்கொண்டிருக்கும், உங்களைத் தடுப்பதில்லை.

அதனால் இதை அடியுங்கள்:

சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்

இது மரக்கிளை போல ஒரு சங்கிலியைக் காட்டும். மேலே கடைசியாக எட்டிய இலக்கு, கீழே போகப் போக அதற்கு முன்னால் முடிய வேண்டியிருந்தவை. அட் குறியோடு வரும் எண், எத்தனையாவது வினாடியில் அந்தச் சேவை தொடங்கியது, இலக்காக இருந்தால் எட்டியது என்பது. கூட்டல் குறியோடு வரும் எண், அது தயாராக எடுத்துக்கொண்ட நேரம். கூட்டல் எண் பெரிதாக உள்ள வரிதான் உங்கள் ஆள். அங்கே நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் அல்லது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் நின்றால் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஒன்றும் பிடிபடவில்லை என்றால் சிஸ்டம்டி-அனலைஸ் பிளாட் கட்டளையின் வெளியீட்டை ஒரு எஸ்விஜி படக் கோப்பில் சேமித்து ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள். ஒவ்வொரு சேவையும் எப்போது தொடங்கி எப்போது தயாரானது என்று நீளக் கோடுகளாகத் தெரியும். எனக்கு இந்தப் படம்தான் மற்றதைவிடப் பிடிக்கும், சொல்லிப் புரியாததைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம்.

காத்திருக்கச் சொன்னது யார்?

முக்கியமான இடம் இது, அவசரப்படாமல் படியுங்கள்.

சிஸ்டம்டியில் பெயர் ஒத்த இரண்டு இலக்குகள் உண்டு. நெட்வொர்க்.டார்கெட் என்பது நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் ஓட ஆரம்பித்துவிட்டது என்று மட்டும் சொல்வது. நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பது இணைப்பு உண்மையிலேயே கிடைத்து, ஐபி முகவரி வந்து, பயன்படுத்தலாம் என்ற நிலை. இரண்டாவதை யாராவது கேட்டால்தான் பூட் நேரத்தில் அது நடக்கும், யாரும் கேட்காவிட்டால் வெயிட்-ஆன்லைன் சேவை ஓடவே ஓடாது. எனவே கேட்டது யார் என்று பாருங்கள்:

சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டிபென்டன்சிஸ் --ரிவர்ஸ் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

வரும் பட்டியலில் வழக்கமான முகங்கள்: மென்பொருள்களைக் கன்டெய்னர் எனப்படும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர், பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்ட், சேவையகங்களை முதல் முறை அமைக்கும் கிளவுட்-இனிட், எஃப்எஸ்டேப்பில் (எந்த வட்டு, எந்தக் கோப்புறை எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல் கோப்பு) எழுதிய நெட்வொர்க் கோப்புறை. இதில் உங்களுக்குத் தேவையில்லாததை நிறுத்துவதுதான் சுத்தமான வைத்தியம். டாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக்கில் ஒரு பாடத்துக்காக நிறுவியது, வாரத்துக்கு ஒருமுறைதான் தொடுகிறீர்கள் என்றால் அது ஏன் ஒவ்வொரு நாளும் பூட்டில் எழுந்திருக்க வேண்டும்? சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் டாக்கர்.சர்வீஸ் என்று கொடுத்துவிட்டு, டாக்கர்.சாக்கெட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் முதல் டாக்கர் கட்டளையை அடிக்கும் நொடியில் சாக்கெட் அதை எழுப்பிவிடும். தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்த கன்டெய்னர்கள் இருந்தால் மட்டும், அவையும் அதுவரை தூங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு மேனேஜர்கள் ஒரே வீட்டில்

சரியாக 2 நிமிடம் தாமதம் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைனின் இயல்பு டைம்அவுட் 120 வினாடி. உபுண்டு சர்வரை நிறுவிவிட்டு மேலே டெஸ்க்டாப்பைப் போட்டவர்களிடம் இது சகஜம். சர்வர் பதிப்பு நெட்வொர்க்டியை வைத்துக்கொள்ளும், டெஸ்க்டாப் நெட்வொர்க்மேனேஜரை வைத்துக்கொள்ளும். சர்வர் நிறுவியபோது ஈதர்நெட் கேபிள் செருகியிருந்தீர்கள், அந்த போர்ட் "என்னுடையது" என்று நெட்வொர்க்டி குறித்து வைத்துக்கொண்டது. இப்போது நீங்கள் வைஃபையில் இருக்கிறீர்கள், கேபிள் இல்லை, அதுவோ கேபிள் வரும் வரும் என்று 2 நிமிடம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நெட்வொர்க்சிடிஎல் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். ஈதர்நெட் போர்ட்டுக்கு எதிரே "கன்ஃபிகரிங்" என்று தொங்கிக்கொண்டிருந்தால் இதுதான் வியாதி. எல்லாவற்றுக்கும் எதிரே "அன்மேனேஜ்ட்" என்று வந்தால் நெட்வொர்க்டிக்கு இங்கே வேலையே இல்லை, அப்போது:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்.சர்வீஸ்

போர்ட் நெட்வொர்க்டியிடம் இருந்து, அதை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால், இடிசி அடைவுக்குள் இருக்கும் நெட்பிளான் கோப்பில் அந்த போர்ட்டின் கீழே ஆப்ஷனல்: ட்ரூ என்று ஒரு வரி சேருங்கள். "இது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நிற்காதே" என்று பொருள். அது யாம்ல் கோப்பு, உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் தட்டினால் பிழை காட்டும். மாற்றிய பிறகு சூடோ நெட்பிளான் ட்ரை என்று அடியுங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் சிறிது நேரத்தில் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அதனால் இணையத்தை இழந்து தவிக்க வேண்டாம்.

நெட்வொர்க்மேனேஜர் காத்திருந்தால்

இதன் டைம்அவுட் இப்போதைய பதிப்புகளில் 60 வினாடி, பழையவற்றில் 30. பலர் நினைப்பது போல இது இணையம் ஓடுகிறதா என்று சோதிப்பதில்லை. தானாக இணைய வேண்டிய இணைப்புகளை நெட்வொர்க்மேனேஜர் முயன்று முடித்துவிட்டதா என்றுதான் பார்க்கிறது. அதனால் நூலகத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்@எஸ்ஜி பொது வைஃபையின் லாகின் பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது இதற்குக் காரணமாகாது, ஐபி முகவரி கிடைத்தாலே அது திருப்தியாகிவிடும். ஐபி கிடைக்காமல் அலைவதுதான் சிக்கல். டிஎச்சிபி (ரவுட்டரிடம் ஐபி முகவரி கேட்டு வாங்கும் முறை) பதிலுக்கு நெட்வொர்க்மேனேஜர் இயல்பாகவே 45 வினாடி வரை பொறுத்திருக்கும்.

வீட்டில் இது நடந்தால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். புதிய வீவக அடுக்குமாடி வீடுகளில் ரவுட்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் பாம் ஷெல்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடும் பழக்கம் உண்டு. குண்டுவெடிப்பைத் தாங்கக் கட்டிய கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபைக்கு மட்டும் வழிவிடுமா? அதோடு பக்கத்து வீடு, மேல்வீடு, கீழ்வீடு எல்லாருடைய ரவுட்டரும் அதே அலைவரிசையில். கடைக்கோடி அறையில் இருந்து பூட் செய்யும்போது மட்டும் தாமதமாகிறது, ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றால் லினக்ஸைக் குறை சொல்லாமல் ரவுட்டரை வெளியே எடுங்கள்.

என்ன நடந்தது என்று பார்க்க ஜர்னல்சிடிஎல் -பி -யு நெட்வொர்க்மேனேஜர். இந்தப் பெயர் எங்கே வந்தாலும் முதல் என்-உம் நடுவில் வரும் எம்-உம் பெரிய எழுத்து, சின்னதாக அடித்தால் ஒன்றும் வராது. டிஎச்சிபி4 என்ற வரிகளைத் தேடி, முயற்சி தொடங்கிய நேரத்துக்கும் முகவரி வந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

இனி முடிவு உங்களுடையது. "காத்திருக்கச் சொன்னது யார்?" பகுதியில் சொன்னபடி நெட்வொர்க்கைக் கேட்டவர்களைப் பார்த்தாயிற்று, லாகினுக்கு முன்னால் நெட்வொர்க் கட்டாயம் வேண்டிய எதுவும் இல்லை என்றால் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்.சர்வீஸை டிஸேபிள் செய்துவிடலாம். வீட்டுக்கும் வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போகும் மடிக்கணினிக்கு இதுதான் என் பரிந்துரை. வைஃபை இதனால் நின்றுவிடாது, லாகின் திரை வந்துகொண்டிருக்கும்போதே அது தன் பாட்டுக்கு இணையும். டிஸேபிள் செய்தால் போதும், மாஸ்க் செய்ய வேண்டாம். மாஸ்க் என்பது கதவை ஆணியடித்து மூடுவது, பின்னால் ஏதாவது நிறுவும்போது அது ஏன் ஓடவில்லை என்று நீங்களே தேடிக்கொண்டிருப்பீர்கள். திரும்ப வேண்டுமென்றால் டிஸேபிள் இருந்த இடத்தில் எனேபிள்.

முழுதாக நிறுத்த மனமில்லையா, நேரத்தைக் குறையுங்கள். சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று அடித்து சேவையின் பெயரைக் கொடுத்தால் ஒரு எடிட்டர் திறக்கும். அதில் சதுர அடைப்புக்குள் சர்வீஸ் என்று ஒரு வரி, அதற்குக் கீழே என்விரான்மென்ட்=என்எம்_ஆன்லைன்_டைம்அவுட்=10 என்று ஒரு வரி. சர்வீஸ், என்விரான்மென்ட் இரண்டுக்கும் முதல் எழுத்து பெரிது, என்எம் என்று தொடங்கும் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. இனி 10 வினாடிக்கு மேல் நிற்காது. 30 வினாடி டைம்அவுட் உள்ள பழைய பதிப்புகளில் நேரம் வேறு இடத்தில் எழுதியிருக்கும், அங்கே இந்த வழி பலிக்காது.

எஃப்எஸ்டேப்பில் நாஸ்

வீட்டில் நாஸ் வைத்துக்கொண்டு, அதை /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்தவர்களுக்கு ஒரு தனி அவஸ்தை. வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கும், வெளியே எங்காவது திறந்தால் மட்டும் கணினி இல்லாத நாஸைத் தேடி நிற்கும். அந்த வரியின் விருப்பங்களில் காற்புள்ளி இட்டு இவற்றைச் சேருங்கள்: நோஆட்டோ, எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட், _நெட்டெவ், நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=10. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. பூட் ஆகும்போது நாஸைத் தொடாதே, யாராவது அந்தக் கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் இணை, 10 வினாடியில் கிடைக்காவிட்டால் விட்டுவிடு என்பதுதான் இதன் மொத்த அர்த்தம்.

எஃப்எஸ்டேப்பைத் தொடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதில் ஒரு எழுத்து பிசகினால் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடக்கூடும். சேமித்த பின் ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை அடித்துப் பாருங்கள்; இதில் மவுண்ட் என்ற பகுதியில் ஓ, யு இரண்டும் கிடையாது, எம்என்டி என்று மட்டும் வரும். பிழை எதுவும் சொல்லவில்லை என்றால் சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அப்புறம் மறுதொடக்கம். இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள் எஃப்எஸ்டேப்பில் இருந்து அந்த வரியையே எடுத்துவிட்டு, ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்து புக்மார்க் செய்துகொள்ளலாம். புதிதாக லினக்ஸுக்கு வந்தவருக்கு அதுவே போதும் என்பேன்.

பழைய டெபியனில் "ரெய்ஸ் நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ்" என்று 5 நிமிடம் வரை கணக்கு ஓடினால், இடிசிக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறந்து, ஈதர்நெட்டுக்கு எதிரே ஆட்டோ என்று இருப்பதை அலௌ-ஹாட்பிளக் என்று மாற்றுங்கள். மோடம்மேனேஜர், அவாஹி, புளூடூத் ஆகியவை பட்டியலில் தெரிந்தாலும் பெரும்பாலும் நிரபராதிகள். 4ஜி டாங்கிளும் சிம் போட்ட மடிக்கணினியும் இல்லாதவர்கள் மோடம்மேனேஜரை (இதிலும் இரண்டு சொற்களின் முதல் எம்-உம் பெரிய எழுத்து) நிறுத்தலாம், ஆனால் அதனால் பூட் வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சோதிக்கும்போது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மறுதொடக்கம் செய்து, சிஸ்டம்டி-அனலைஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. வீட்டு வைஃபையில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையவும் வேண்டாம், இந்தச் சிக்கல் தலைகாட்டுவதே நெட்வொர்க் இல்லாத இடத்தில்தான். புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் உட்கார்ந்து ஒருமுறை, ரவுட்டரை அணைத்து வைத்து ஒருமுறை திறந்து பாருங்கள்.

அணைக்கும்போதும் இழுத்தால், "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்று 90 வினாடி கணக்கு ஓடினால், அதே நாஸ்தான் காரணமா என்று பாருங்கள். வைஃபை முதலில் அறுந்துவிட்டு, கோப்புறையைக் கழற்ற முடியாமல் கணினி விழிக்கும் நிலை அது. எஃப்எஸ்டேப் வரியில் _நெட்டெவ் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், அது இருந்தால்தான் நெட்வொர்க்கை நிறுத்துவதற்கு முன் கோப்புறையைக் கழற்ற வேண்டும் என்ற வரிசை சிஸ்டம்டிக்குத் தெரியும். கையோடு எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60 என்பதையும் சேர்த்துவிட்டால், ஒரு நிமிடம் யாரும் தொடாத கோப்புறை தானே கழன்றுகொள்ளும், அணைக்கும் நேரத்தில் பெரும்பாலும் அது மாட்டியிருக்கவே செய்யாது.